சாம்பிராணி பாயும் அவருடைய தலைவலியும்

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் சொல்லப்போவது, நாற்பத்து நான்கு வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் என் கடைக்குள் வந்து சாம்பிராணி போட்ட ஒரு மனிதரைப் பற்றி. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் கல்லாவுக்கு மேல் சாமி படம் இல்லாத ஒரே கடை, காசிநாதனாகிய என்னுடைய சைக்கிள் சாமான் கடைதான். ஆனாலும் பாய் வருவார். அப்பா காலத்துப் பழக்கம். அப்பா போன பிறகு ஒருநாள், “இந்தப் பொகையில இன்னா பாய் இருக்குது?” என்று வீம்புக்குக் கேட்டேன். “கொசு போவும் தம்பி,” என்றார். அதற்கு மேல் அவரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் பெயர் முகம்மது கவுஸ். ஏமப்பேரில் ஓட்டு வீடு. மனைவி மெகருன்னிசா. ஒரே மகள் நூர் பீவியை உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கெல்லாம் வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாகக் கிளம்பிவிடுவார். ஒரு கையில் கொட்டாங்குச்சிக் கரி கனலும் தூபக்கால், இன்னொரு கையில் மயிலிறகு விசிறி, தோளில் சாம்பிராணிப் பை. ஜவுளிக்கடை, உரக்கடை, சலூன், பூக்கடை என்று எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் கடையானாலும் உள்ளே வந்து மூலைக்கு மூலை புகை காட்டுவார். வாய்க்குள் ஏதோ ஓதுவார். கடைசியில் மயிலிறகால் கல்லாவை ஒரு தட்டு, முதலாளி தலையை ஒரு தட்டு. அந்தத் தட்டு விழாமல் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை வியாபாரம் ஆரம்பித்ததாகக் கணக்கில்லை. ஜும்மா தொழுகைக்குள் தெரு முழுவதும் முடித்துவிடுவார்.

தலைவலி அவருக்கு ஐம்பத்து நான்கு வயதில் வந்தது. அதுவரை ஜுரத்துக்குக் கூட மாத்திரை போடாத உடம்பு. முதலில் இடது கண்ணோரம் வெயிலில் தகரம் ஆடுவது போல ஏதோ மினுமினுக்குமாம். கால் மணி நேரத்தில் மினுமினுப்பு போய், அந்தப் பக்கத்து மண்டைக்குள் யாரோ உட்கார்ந்து அம்மி கொத்த ஆரம்பிப்பார்கள். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, குழம்பு கொதிக்கும் வாசனை ஆகாது. வாந்தி எடுப்பார். ஒன்றரை நாள் இருட்டில் கிடப்பார். பிறகு அது வந்த மாதிரியே போய்விடும். மாதத்துக்கு மூன்று, நான்கு தடவை.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. சேலத்தில் நரம்பு டாக்டர் ஒருவர், பாண்டிச்சேரியில் இருவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். “உள்ள மூள இருக்குதுன்னு படம் புடிச்சே குடுத்துட்டாங்க தம்பி. மெகருன்னிசாதான் நம்ப மாட்டேங்கறா,” என்று என்னிடம் காட்டினார். ஒரு மாத்திரை போட்டால் நாள் முழுவதும் தூங்கினார். இன்னொன்றில் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் விசிறி கையிலிருந்து நழுவியது. மூன்றாவது மாத்திரையில் பிரியாணி மண் மாதிரி இருந்ததாம். அதை அவரே நிறுத்திவிட்டார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒருவர் மூக்கில் பச்சிலைச் சாறு விடுகிறார் என்று கேள்விப்பட்டு நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். சாறு இறங்கியதும் பாய் குதித்த குதியில் அந்த மலைக்காரரே பயந்துபோனார். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பாய் என் தோளில் சாய்ந்துகொண்டு, “தலவலி போவல. ஆனா மல ஏறிப் பாத்தாச்சி. இந்தக் காத்து நம்மூர்ல கெடைக்குமா?” என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனிதன் இப்படியா எதற்கெடுத்தாலும் சந்தோஷப்படுவது?

அவர் அப்படித்தான். வலி விட்ட மறுநாள் அவரைப் பார்க்க வேண்டும். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தூக்கிப் பார்ப்பார், அதில் வேறு ஏதோ ஊற்றிக் கொடுத்துவிட்டது போல. “ருசி திரும்பி வந்துச்சி தம்பி,” என்பார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றிய மெகருன்னிசாவைப் பற்றிச் சொல்லாமல் அந்த டம்ளரைக் கீழே வைக்க மாட்டார். “அவ கை இல்லன்னா நான் செவுத்துல தலைய மோதிக்கினு என்னைக்கோ போயிருப்பேன்.” இதைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்குப் போய் நானும் என் மனைவியிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசியிருக்கிறேன். இன்னா ஆச்சி உங்களுக்கு, ஒடம்பு சரியில்லையா என்று அவள் கேட்டாள்.

தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். பூக்கடை செல்லியம்மாள்தான் ஆரம்பித்து வைத்தது. இத்தனை வருடமாகத் தெருவில் இத்தனை கடைகளின் கண் திருஷ்டியை பாய் கழித்திருக்கிறார். கழித்த கண்ணெல்லாம் எங்கே போயிருக்கும்? ஜவுளிக்கடை அரங்கநாதன் கண்கலங்கிவிட்டான். “நம்ம கண்ணுதான்டா அவரு மண்டையில ஏறி ஒக்காந்துக்கினு இருக்குது,” என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் கத்தியதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? ஓர் அமாவாசை சாயங்காலம் பாயை நடுத்தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். பூசணிக்காய் சுற்றினார்கள், எலுமிச்சம்பழம் சுற்றினார்கள், உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டார்கள். அந்த மிளகாய் நெடியில் தெருவே இருமியது. பாய்க்கு அங்கேயே மினுமினுப்பு வந்துவிட்டது. கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றும்போதும் செல்லியம்மாளைப் பார்த்து, “ரொம்ப நன்றிம்மா, இப்போ கொஞ்சம் கம்மியாத்தான் கீது,” என்று பொய் சொன்னார்.

அவர்கள் செய்தது மூடத்தனம் என்றால் நான் செய்தது அதற்கு மேல். புகையும் வாசனையும் தலைவலியைத் தூண்டும் என்று பேப்பரில் ஒரு டாக்டர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டேன். போதாதா? கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போலக் கடை கடையாகப் போய்ச் சொன்னேன். புகையைச் சுமக்கிறவனுக்குப் புகைதான் வியாதி, யாரும் அவரை உள்ளே விடாதீர்கள் என்றேன். பாயிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் தூபக்காலைக் கொண்டுபோய் வீட்டுப் பரணில் வைத்தார்.

இரண்டு மாதம். தலைவலி ஒரு தடவைகூடக் குறையவில்லை. மூன்றும் நான்குமாக மாதாமாதம் சரியாக வந்து போனது. மெகருன்னிசா அக்கா ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்றார். அவர் கடைத்தெருவுக்கு வருகிறவர் இல்லை.

“காசி தம்பி, முன்னயெல்லாம் வலி வந்தா படுப்பாரு. இப்போ வலி இல்லாத நாள்லயும் படுத்துக்கினே கெடக்காரு. வெள்ளிக்கெழம ஆனா ஜிப்பாவ போட்டுக்கினு வாசல்ல ஒக்காந்துக்கறாரு. நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. ஆனா என்னால அதப் பாக்க முடியல.”

அன்றே போய்ப் பரணிலிருந்து தூபக்காலை நானே இறக்கித் துடைத்துக் கொடுத்தேன். நம்பிக்கை இல்லாதவன் கையால் அது நடந்தது பற்றித் தெருவில் இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். பேசட்டும். நான் நினைத்தது தப்பு, அவ்வளவுதான்.

இனிச் சொல்வது 2018-ஆம் வருடம் நடந்தது. பாய்க்கு அறுபத்தேழு வயது. ஆவணி மாத முகூர்த்த சீசன். அரங்கநாதனின் ஜவுளிக்கடையில் ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்து கூரைப்புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் புகை போட உள்ளே போன நேரம் வலி பிடித்துக்கொண்டது. வெளியே ஓடுவதற்குள் பாயின் மேலேயே, அதாவது புடவை விரிக்கும் அந்த வெள்ளைப் பாயின் மேலேயே, வாந்தி எடுத்துவிட்டார். ஒரு பட்டுப்புடவையின் ஓரமும் நனைந்தது. கல்யாண வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். பாய் தன் தோள் துண்டால் தரையைத் துடைத்துவிட்டுத் தானாகவே நடந்து வீட்டுக்குப் போனார். எனக்கு இது அன்றைக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை முதல் கடையாக என் கடைக்கு வந்தார். வழக்கமாகப் பழைய பஸ் நிலையத்துப் பக்கமிருந்துதான் தொடங்குவார். தூபக்காலை வெளிப்படியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்தார்.

“தம்பி, இன்னியோட நிறுத்திக்கறேன். இதான் கடேசி வெள்ளி. உங்ககிட்ட மொதல்ல சொல்லிட்டு அப்பால மத்த கடைங்கள்ல சொல்லலாம்னு வந்தேன். நூர் பீவி உளுந்தூர்பேட்டைக்கே வந்துடுங்கன்றா.”

“இன்னா பாய் ஒளர்றீங்க?” என்றேன்.

அவர் ஜவுளிக்கடையில் நடந்ததைச் சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “அரங்கநாதன் எதுனா சொன்னானா? சொல்லுங்க, போய்ச் சட்டையப் புடிக்கறேன்.”

“ஒண்ணுமே சொல்லல தம்பி. அதான். ஏதாவது திட்டியிருந்தா பரவால்ல. மூஞ்சத் திருப்பிக்கினு புடவைய மடிச்சிக்கினு இருந்தாரு. எல்லாரும் நல்லவங்கதான். மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல மாட்டாங்க. இப்போ எல்லா கடையிலயும் கரண்டுல சொருவற சாம்பிராணி மிஷின் வந்துடுச்சி. பாவம்னு என்ன உள்ள வுட்டுக்கினு இருக்காங்க. நான் பாரமாயிட்டேன் தம்பி.”

“யாருக்கு பாரம்? எனக்கா?” என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் அடங்காது. என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியதைப் பார்த்தேன். அப்போதுதான் என் வாய் நின்றது.

“வந்துடுச்சி தம்பி,” என்றார்.

ஏமப்பேர் வீட்டுக்குக் கொண்டுபோக நேரமில்லை. டயர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்துப் படுக்க வைத்தேன். என் வெள்ளைத் துண்டைத் தண்ணீரில் நனைத்து, வெளிச்சம் படாமலிருக்க முகம் முழுவதையும் மூடினேன். ஷட்டரை மெதுவாக, கிரீச்சிடாமல் இறக்கினேன். கீழே நாலு விரல் காற்றுக்காக விட்டேன். போனை அணைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷட்டரை யாரோ தட்டினார்கள். நான் பேசவில்லை. பேசினால் அவர் மண்டை பிளக்கும் என்று எனக்குத் தெரியும். மறுபடி தட்டினார்கள். அப்போதும் மூச்சு விடவில்லை.

வெளியே என்ன நடந்தது என்பது பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு ஷட்டர் இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, சாவு. பக்கத்துப் பிளாஸ்டிக் கடை ஜான் பாஷா, பாய் உள்ளே போனதைப் பார்த்திருக்கிறார். பாய் வெளியே வரவில்லை; தூபக்கால் மட்டும் படியில் தனியாகப் புகைந்துகொண்டிருந்தது. தட்டிப் பார்த்தும் பதிலில்லை. கீழே குனிந்து அந்த நாலு விரல் சந்தில் எட்டிப் பார்த்தார். நீட்டிய இரண்டு கால்களும் முகத்தை மூடிய வெள்ளைத் துணியும் தெரிந்தன. பக்கத்தில் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். வேறென்ன வேண்டும்? அவர் எழுந்து போய்த் தன் கடை ஷட்டரை இறக்கினார். அடுத்த கடை இறக்கியது. எதிர்க் கடை இறக்கியது. செல்போன் கடைக்காரன் பாட்டை நிறுத்தினான். ஐந்து நிமிடத்தில் தெரு முழுக்க மூடிவிட்டது. ஜமாத்துக்குச் சொல்ல ஓர் ஆளைப் பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏமப்பேருக்குப் போக ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே எங்களுக்கு எதுவும் தெரியாது. சத்தம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் பாயின் மூச்சு சீரானது. துண்டுக்கு அடியிலிருந்து, “இன்னா தம்பி, தெரு ஊமையாயிடுச்சி? கலவரமா?” என்று முணுமுணுத்தார்.

“தெரியல பாய். பேசாதீங்க.”

அப்போது ஷட்டருக்கு அந்தப் பக்கம் செல்லியம்மாளின் குரல் எழுந்தது. ஒப்பாரி. “என்னப் பெத்த அப்பா! கல்யாணமாகி வந்து முப்பது வருசமா எந்தலைய வருடுன மயிலெறகே! எம்மாமியார் சோறு போடாத நாள்ல டீ வாங்கிக் குடுத்த மவராசா!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவசரமாக எழுந்து ஷட்டரைத் தூக்கப் போனேன். பாய் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

“கொஞ்சம் இருங்க தம்பி,” என்றார். “சொல்லட்டும்.”

அவ்வளவு வலியிலும் அந்த மனிதருக்குக் குசும்பு. நான் உட்கார்ந்தேன். வெளியே ஒவ்வொருவராகப் பேசினார்கள். பெண்ணுக்கு ஜுரம் வந்தபோது பாய் வீட்டுக்கே வந்து ஓதியதை ஒருவர் சொன்னார். கடை திறந்த முதல் நாள் பாய் கைதான் தன் கல்லாவில் முதலில் பட்டது என்றார் இன்னொருவர். பிறகு அரங்கநாதனின் குரல் வந்தது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

“போன வாரம் என் கடையில வாந்தி எடுத்தாருய்யா. ஒரு சோடா வாங்கிக் குடுக்கல நான். கைய புடிச்சி ஒக்கார வெக்கல. புடவ போச்சேன்னு மடிச்சிக்கினு நின்னேன். அவரே தரையத் தொடச்சிட்டுப் போனாரு. ஒரு வாரமா தூக்கம் வரல எனக்கு. இந்த வெள்ளி வருவாரு, கால்ல வுழுந்துடலாம்னு காத்துக்கினு இருந்தேன். இனிமே யார்கிட்ட போய்க் கேப்பேன்?”

பாய் முகத்திலிருந்த துண்டை எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன; வலியாலா என்று நான் கேட்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

“தொறங்க தம்பி. அந்தப் புள்ள அழுவறான்.”

ஷட்டரைத் தூக்கினேன். வெளிச்சம் தாங்காமல் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாய் வாசலில் வந்து நின்றார். செல்லியம்மாள் ரோஜா மாலையோடு வாய் திறந்தபடி நின்றாள். ஜான் பாஷா இரண்டடி பின்னால் போனார். அரங்கநாதன் மட்டும் ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான்.

“தலவலிதான்பா,” என்றார் பாய். “வூட்டுக்கு ஆள் அனுப்பிட்டீங்களா? மெகருன்னிசா பயந்துடுவா.” ஆட்டோ இன்னும் கிளம்பவில்லை என்று தெரிந்ததும் மூச்சு விட்டார். பள்ளிவாசலுக்குப் போனவனைத் திருப்பிக் கூப்பிட ஒருவன் சைக்கிளில் பறந்தான். அப்புறம்தான் சிரிப்பு வந்தது. அழுத கண்ணோடு தெருவே சிரித்தது. ஜான் பாஷாவை இரண்டு பேர் முதுகில் குத்தினார்கள்.

பாய் படியில் வைத்த தூபக்காலைக் குனிந்து எடுத்தார். கரி அவிந்துவிட்டிருந்தது. தெருவைப் பார்த்தார். அவர் சொல்ல வந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னிக்கு ஆவாது,” என்றார். “அடுத்த வெள்ளி வரேன். அரங்கநாதன் கடையில இருந்து ஆரம்பிக்கறேன்.”

கடைகள் திறந்தன. நான் கடையைப் பூட்டிக்கொண்டு அவரை ஏமப்பேருக்கு ஆட்டோவில் கொண்டுபோய்விட்டேன். வலி இன்னும் பாதி இருந்தது. மறுநாள் வரை இருக்கும், அடுத்த பத்து நாளில் மறுபடி வரும், அது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் தலையை என் தோளில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

“எத்தினி பேருக்கு தம்பி கெடைக்கும் இது?” என்றார். “அல்லாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.”

எனக்கும் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல எனக்கென்று ஒரு கடவுள் கிடையாது. ஆட்டோவில் இருந்தது பாய்தான். அதனால் அவரிடமே சொன்னேன்.

“நன்றி பாய்.”

“எனக்கா? இன்னாத்துக்கு தம்பி?”

“அடுத்த வெள்ளி வர்றீங்களே, அதுக்கு.”